முதல் திங்கட்கிழமை

வெளிநாட்டில் வாத்தியார் வேலை பார்க்கும் அக்காவையோ தம்பியையோ பார்க்கப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "உனக்கு எப்ப லீவு?" கேட்பவருக்கு அது அக்கறை, பதில் சொல்பவருக்கும் அது இயல்பு. ஆனாலும் பயணம் கோணலாவது பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பள்ளிக்கூடம் மூடும் வாரத்தில் அந்த நாடே பெட்டி கட்டுவதால் விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். உடன் வேலை செய்பவர்கள் சொந்த ஊர்களுக்குப் போயிருப்பார்கள், பல்கலைக்கழக ஊராக இருந்தால் தெருவே வெறிச்சோடும். உறவினர் மூன்று மாத அசதியைத் தூங்கித் தீர்த்துக்கொண்டிருப்பார். டெர்ம் முடிந்த மறுநாளே சளி பிடித்துப் படுக்கும் ஆசிரியர்களை எந்த ஸ்டாஃப் ரூமிலும் பார்க்கலாம். இத்தனைக்கும் நடுவே போய்ச் சேருகிறவர் பார்ப்பது ஒரு சுற்றுலா ஊரைத்தான். உறவினர் அங்கே எப்படி வாழ்கிறார் என்பதற்கு ஒரு தடயமும் கிடைக்காது.

அதனால் வேலை நாட்களில் போவதே சரி என்பது என் கட்சி. அதற்கும் ஒரு விலை உண்டு. வேலை நாட்களில் போகும் பயணம் உடைந்தால், அது உடைவது அநேகமாக ஒரே இடத்தில்: வந்து சேர்ந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடவே இருந்தவர் காலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். மொழி தெரியாத ஊர், பழகாத அடுப்பு, எப்படித் திறப்பது என்று புரியாத பூட்டு. மாலை ஆறு மணி வரை வந்தவர் தனி. இந்த ஒரு நாளைச் சரியாக அமைத்துவிட்டால் மீதி நாட்களும் தன்னால் நடக்கும்.

எந்த வாரம்

"எப்ப லீவு" என்பதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது, "எந்த வாரம் பேப்பர் திருத்துவே, எந்த வாரம் ரிப்போர்ட் எழுதுவே?" அந்த வாரங்களை முதலில் அடித்துவிட வேண்டும். டெர்மின் முதல் இரண்டு வாரங்களையும் அடித்துவிடலாம், புது வகுப்பின் பெயர்களே மனப்பாடமாகாத நேரம் அது. பெற்றோர் சந்திப்பு, ஆண்டு விழா, பல்கலைக்கழகமாக இருந்தால் ஆய்வேடு வாய்மொழித் தேர்வு, இவையும் போகட்டும். மிஞ்சுவது டெர்மின் நடுப்பகுதி. அதில்தான் இடம் இருக்கிறது.

நாடு மாறினால் நாள்காட்டியும் தலைகீழாகும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, தென்கொரியாவில் மார்ச்சில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில் திறந்து டிசம்பரில் மூடுவார்கள். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கோடை விடுமுறைத் தேதி வேறு. பிரான்ஸ் நாட்டையே ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து, குளிர்கால, வசந்தகால விடுமுறைகளை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. ஆகவே "ஜெர்மனியில் லீவு எப்போது" என்று தேடினால் கிடைக்கும் பதில் பாதிதான் உதவும். உறவினரின் பள்ளி எந்த மாநிலத்தில், எந்த மண்டலத்தில் என்று தெரிந்தாக வேண்டும்.

நன்றாக வேலை செய்யும் அமைப்பு ஒன்று உண்டு: இரண்டு பள்ளி வாரம், கடைசியில் ஒரு விடுமுறை வாரம், மொத்தம் மூன்று வாரம். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒவ்வொரு டெர்மின் நடுவிலும் ஒரு வார இடைவெளி விடுவார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் போய் இறங்கினால் கணக்கு கச்சிதமாக விழும். முதல் இரண்டு வாரத்தில் வந்தவருக்கு ஊர் பழகிவிடும். மூன்றாவது வாரம் இருவரும் சேர்ந்து எங்கேயாவது போகும்போது, கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டிய விருந்தாளியாக அவர் இருக்க மாட்டார். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறையை நம்பி இதே திட்டத்தைப் போடாதீர்கள். அந்த வாரம் ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பதே பாடு. சீனாவில் அக்டோபர் முதல் வாரமும் அப்படித்தான்.

இறங்கும் நாள் வெள்ளி மாலை அல்லது சனி காலை. ஞாயிறு வேண்டவே வேண்டாம், ஞாயிறு மாலை எந்த ஆசிரியரும் மனதளவில் திங்கட்கிழமைக்குள் போய்விட்டிருப்பார். திரும்புவதும் சனிக்கிழமையாக இருக்கட்டும். வேலை நாளில் விமான நிலையம் வரை வரச் சொன்னால் அவருடைய வகுப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும். அந்தக் கடனை அவர் பிறகு தன் ஓய்வு பீரியடில் அடைப்பார்.

காகிதங்கள்

இதில் பெரும்பாலானவை தூதரக இணையதளத்தில் இருக்கின்றன, நீட்ட வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்கென்று ஒரு சிக்கல் மட்டும் உண்டு. உறவினர் வீட்டில் தங்கப் போகிறவருக்காக, அங்கே இருப்பவர் நேரில் போய் வாங்க வேண்டிய தாள்கள் சில இருக்கின்றன. பிரான்ஸில் நகராட்சி அலுவலகம் தரும் வரவேற்புச் சான்று ஒன்று. வந்தவரின் செலவைத் தானே ஏற்பதாக ஜெர்மனியில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் கையெழுத்திடும் பொறுப்புறுதி இன்னொன்று. இந்த அலுவலகங்கள் திறந்திருப்பது பெரும்பாலும் வார நாட்களின் பகலில், அதாவது ஆசிரியர் வகுப்பில் நிற்கும் நேரத்தில். முன்பதிவுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எனவே வசந்தகாலப் பயணத்துக்கான தாளைக் குளிர்கால விடுமுறையிலேயே வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். தங்கும் கணக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள், வந்த நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் விசாவில் அச்சிட்ட தேதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. எத்தனை நாள் இருக்கலாம் என்பதை நுழையும்போது தரப்படும் ஐ-94 பதிவுதான் தீர்மானிக்கிறது.

ஜப்பான் விசாப் படிவத்தில் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உறவினரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால், உறவு மூன்று படிக்குள் இருக்க வேண்டும். பெற்றோர் ஒரு படி, உடன்பிறந்தவர் இரண்டு, மாமா, சித்தப்பா, அத்தை மூன்று. நாம் 'அண்ணன்' என்றே கூப்பிட்டு வளர்ந்த பெரியப்பா மகன் நான்காம் படி. அந்தக் கணக்கில் அவர் உறவினர் இல்லை, அறிமுகமானவர். அந்த வகையில் விண்ணப்பித்தால் பழக்கத்தைக் காட்டும் புகைப்படம், கடிதம், மின்னஞ்சல் போன்றவை கேட்பார்கள். குடும்பக் கல்யாண ஆல்பத்தில் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

மாத்திரைகளுக்கு மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டு கட்டாயம். ஜப்பானுக்குள் மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோனால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு அங்கே அனுமதியே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன், டிராமடால் கலந்த வலி மாத்திரைகள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இறைச்சி, பால் பொருட்களைப் பயணிகள் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் நுழையும்போது கொடுக்கும் பயணி அட்டையில் எழுதிவிடுவது நல்லது. எழுதியதற்காக அபராதம் கிடையாது, மறைத்ததற்கு உண்டு.

இறங்கிய பிறகும் ஒரு தாள் மிச்சம் இருக்கலாம். சீனாவில் விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்குகிறவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். இத்தாலியில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவரை வீட்டில் வைத்திருப்பவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உறவினருக்கு வகுப்பில்லாத நேரத்தில் இதை முடிக்கலாம் என்பதால், வெள்ளிக்கிழமை இறங்குவதற்கு இது இன்னொரு காரணம்.

திங்கட்கிழமை, காலை ஏழு மணி

உடம்பிலிருந்து தொடங்குவோம். மேற்கே பறந்து போனவர் அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். ஏழு மணிக்கு உறவினர் கிளம்பும்போது அவரைப் பார்த்து நாலு வார்த்தை பேசலாம். கிழக்கே போனவருக்கு இரவு ஒரு மணி வரை தூக்கம் வராது, காலை ஏழுக்கு ஆழ்ந்த உறக்கத்தில் கிடப்பார். இவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாயிறு இரவே சொல்லி முடித்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கேட்டது எதுவும் பத்து மணிக்கு நினைவில் இருக்காது. உடம்பின் கடிகாரம் கிழக்குப் பக்கம் நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரமும், மேற்குப் பக்கம் அதைவிடச் சற்று வேகமாகவும் நகரும். மேற்கே போனவருக்கு மாலை வெளிச்சம் உதவும், கிழக்கே போனவருக்குக் காலை வெளிச்சம். கிழக்கே போனவருக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் முதல் ஓரிரு நாள் அதிகாலை வெயிலையே தவிர்த்து, பத்து மணிக்கு மேல் வெளியே போவது நல்லது.

அடுத்தது பூட்டு. விடுமுறையில் வந்தவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, கதவைத் திறக்க எப்போதும் இன்னொருவர் கூட இருப்பார். ஜெர்மனியிலும் அதன் அக்கம்பக்க நாடுகளிலும் அடுக்ககக் கதவின் வெளிப்பக்கம் சுழலாத குமிழ்தான் இருக்கும், கைப்பிடி கிடையாது. குப்பை போடப் படியிறங்கும்போது காற்றில் கதவு சாத்திக்கொண்டால் அவ்வளவுதான். சாவி உள்ளே, வந்தவர் வெளியே, செருப்பும் அநேகமாக உள்ளே. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: உள்ளே இருப்பவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டால், பல பூட்டுகளில் வெளியிலிருந்து இன்னொரு சாவி போட்டாலும் திறக்காது. மாலையில் களைத்து வரும் வாத்தியார் சொந்த வீட்டு வாசலில் மணியடித்துக்கொண்டு நிற்பார். மணியிலும் ஒரு விஷயம் உண்டு. அந்த ஊர்களில் அழைப்பு மணிப் பலகையில் வீட்டு எண் இருக்காது, குடும்பப் பெயர்தான் இருக்கும். உறவினரின் பெயர் அதில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, அல்லது முன்பு குடியிருந்தவர் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. வாத்தியார் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வந்தவர் தனக்கென்று கொடுத்த சாவியோடு தனியாக வெளியே போய்க் கதவைச் சாத்தி, தெருக்கதவைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நடந்து, திரும்பி வந்து இரண்டு கதவையும் தானே திறக்க வேண்டும். இருபது நிமிஷ வேலை. கூடவே நடந்து காட்டுவது ஒத்திகையில் சேராது. கூட ஆள் இருந்தால் கண் வழியைப் பார்க்காது, ஆளைத்தான் பார்க்கும். கடைச் சாமான் சனிக்கிழமையே வாங்கியாக வேண்டும், ஜெர்மனியில் ஞாயிறு அன்று பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும்.

சமையலறையில் ஒரு அரை மணி நேரம். இண்டக்‌ஷன் அடுப்பானால் அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே சூடேறும். எது ஒட்டுகிறது என்று பார்த்து அவற்றைத் தனியாக அடுக்கிவிட வேண்டும். கண்ணாடித் தட்டு அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். புகையுணர்வி கத்தினால் ஜன்னலைத் திறக்கலாம், தாழ்வாரப் பக்கக் கதவை மட்டும் திறக்கக் கூடாது. வீட்டுப் புகை தாழ்வாரத்துக்குப் போனால் கட்டடத்தின் பொது உணர்வி விழித்துக்கொள்ளும். பல்கலைக்கழகக் குடியிருப்பாக இருந்தால் மொத்தக் கட்டடமும் குளிரில் தெருவில் வந்து நிற்கும், தீயணைப்பு வண்டியும் வரும். ஜப்பான் வீடுகளில் ஓரளவு பலமாக நிலம் அதிர்ந்தால் எரிவாயு மீட்டர் தானாக நின்றுவிடும். அடுப்பு கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம், மீட்டரில் உள்ள மீட்டமைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு மூன்று நிமிஷம் காத்திருந்தால் திரும்ப வரும். அங்கே ஒரு வீட்டுக்கான மின் ஒப்பந்தம் 30 ஆம்பியர் என்ற அளவில் இருப்பது சகஜம். 100 வோல்ட்டில் அது 3,000 வாட்தான். வெந்நீர்க் கெட்டிலும் மைக்ரோவேவும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் விளக்கணையும். சுவிட்சுப் பெட்டி எங்கே என்று தெரிந்திருந்தால் அது அரை நிமிஷக் காரியம்.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும். உள்ளூர் எழுத்தில் முகவரி, டாக்சிக்காரரிடம் அப்படியே காட்டலாம். அவசர எண்: ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110. பள்ளி அலுவலக எண்ணும் வேண்டும், வகுப்பில் இருக்கும் ஆசிரியரின் போன் அமைதியில் கிடக்கும். கடைசியாக, அவருடைய அன்றைய டைம்டேபிளும் இடைவேளை நேரங்களும். பகல் இடைவேளையில் ஒரே ஒரு செய்தி என்று பேசி வைத்துக்கொண்டால் போதும். "சாப்பிட்டேன், வெளியே போய் வந்தேன்." இது இல்லாவிட்டால் இங்கே இவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அங்கே அவருக்குத்தான் மூன்றாவது பீரியட் முழுக்க மனசு வீட்டில் இருக்கும்.

அன்றைக்கு வெளியே போக ஒரு காரியம் போதும், ஒன்றே ஒன்று. ஊர் பொது நூலகம் அதற்கு நல்ல இடம். கதகதப்பு, கழிவறை, வைஃபை, உட்கார நாற்காலி எல்லாம் இருக்கும், எதையும் வாங்கச் சொல்லி யாரும் பார்க்க மாட்டார்கள். பதினொன்றுக்குப் போய் இரண்டுக்குத் திரும்பினால், மதியத் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளவும் தெம்பிருக்கும்.

மாலை ஆறு மணி

நாள் முழுக்க ஒருவரிடமும் வாய் திறக்காதவரும், நாள் முழுக்கப் பேசித் தொண்டை வற்றியவரும் ஒரே வாசலில் சந்திக்கிறார்கள். முதல் மனத்தாங்கல் பிறப்பது இங்கேதான். "இவ்வளவு தூரம் வந்திருக்கேன், ஒரு வார்த்தை பேசலையே" என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒன்பது கேள்வி. இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. வந்தவுடன் முதல் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் இது அநேகமாக நடக்காது. பல ஆசிரியர்கள் வீட்டில் தனியாக இருக்கும்போது இந்த அரை மணி நேரத்தைத் தங்களை அறியாமலே எடுத்துக்கொள்கிறார்கள். விருந்தாளி வந்ததும் அதுதான் முதலில் பறிபோகிறது.

"அஞ்சு பீரியட்தானே, மத்த நேரம் சும்மாதானே" என்பதையும் விட்டுவிட வேண்டும். 2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் ஆய்வில், ஜப்பானில் ஏழு முதல் ஒன்பது வரையான வகுப்புகளின் ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3. ஆனால் ஜப்பானியர் வகுப்பில் நின்று பாடம் நடத்தியது 18 மணி நேரம்தான், அது 20.3 என்ற சராசரியைவிடக் குறைவு. மீதி நேரம் கூட்டம், கோப்பு, தயாரிப்பு, மாலையில் மாணவர் மன்றங்களுக்கான பயிற்சி. அந்த மீதிதான் சாப்பாட்டு மேசை வரை வருகிறது.

மேசை மேல் விடைத்தாள் கட்டு இருந்தால் தொடாதீர்கள். ஒழுங்காக அடுக்கி வைக்கிறேன் என்று நகர்த்தவும் வேண்டாம். திருத்தியது, திருத்தாதது, மறுபடி பார்க்க வேண்டியது என்று அவருக்கு மட்டும் புரியும் வரிசையில் அவை கிடக்கின்றன. மூன்றையும் ஒன்றாக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தால் ஒரு இரவு வேலை வீண். படிப்பதும் தவறு. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவர் பதிவுகளைக் காக்கிறது. மதிப்பெண்ணை ஆசிரியரின் வீட்டார் பார்ப்பதற்கு அதில் இடமில்லை. பெரும்பாலான நாடுகளில் இதுபோல ஏதாவது விதி உண்டு.

பள்ளிக்கூடத்துக்குள்

அவர் பாடம் நடத்துவதைப் பார்க்க ஆசையிருந்தால் தாராளமாகக் கேட்கலாம். இரண்டு வாரம் முன்னால் கேட்க வேண்டும், அனுமதி தலைமையாசிரியரிடமிருந்து வர வேண்டும். வாசலில் அடையாள அட்டை காட்டிக் கையெழுத்திட்டுப் பார்வையாளர் பட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும், உள்ளே தனியாக எங்கும் அலையக் கூடாது. ஜப்பானில் வாசலிலேயே காலணி மாற்ற வேண்டும், மடக்கி எடுத்துப் போகும் செருப்பு ஒன்று பையில் இருந்தால் நல்லது. குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது. உறவினரை மட்டும் எடுக்கிறேன் என்றாலும் பின்னால் குழந்தைகள் விழுவார்கள். மாணவர் முன்னால் வீட்டுச் செல்லப் பெயர் வாயில் வரக் கூடாது. ஒரு முறை வந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க அது வகுப்பில் சுற்றும்.

ஒரு பீரியட் போதும். வகுப்பின் கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வகுப்பு தெரியும். இன்னொரு மொழியில், வேறு குரலில், வீட்டில் ஒருபோதும் காட்டாத பொறுமையோடு அவர் நிற்பதைப் பார்க்கலாம். லீவு நாளில் எவ்வளவு தூரம் பறந்து போனாலும் இது பார்க்கக் கிடைக்காது.

மூன்று வாரம் முடியும் சனிக்கிழமை, விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன், சாவியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கைப்பையின் உள்ளறையில் கிடந்து அது உங்களோடு ஊர் வந்து சேர்வது சர்வ சாதாரணம். பல அடுக்ககங்களில் ஒரே சாவி தெருக்கதவு, வீடு, நிலவறை மூன்றையும் திறக்கும். அது தொலைந்ததாகப் பதிவானால் கட்டடம் முழுவதற்கும் பூட்டு மாற்றச் சொல்லிக் கேட்கும் நிலை வரலாம், அந்தச் செலவும் வாத்தியார் தலையில் விழலாம்.